காய்ச்சல் என்று எழுதிய கடிதங்கள்

நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். "மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, எனக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சலாக இருந்தபடியால் பள்ளிக்கு வர இயலவில்லை. விடுப்புத் தந்து உதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." அடியில் பாட்டியின் கைநாட்டு. மை முழுக்கக் காயவில்லை, என் விரலிலும் ஒட்டிக்கொண்டது. கடிதத்தை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் கழுத்தில் புதுச் சோழி மாலை ஒன்று. மாமல்லபுரம் கடற்கரையில் விற்பார்களே, அந்த மாலை. மூக்கு நுனி வெயிலில் கறுத்திருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம் இல்லை அது.

"மாசி மகத்துக்குப் போனியா?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் சொன்னான்: "ஆமா டீச்சர். அவங்க ஆயாவோட கன்னியம்மா சாமி கும்பிடப் போயிருந்தா."

1990களின் நடுப்பகுதி அது. பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஓர் இருளர் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளை, 4-ஆம் வகுப்பு. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு வடமாவட்டங்களின் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. புடவையையும் கழியையும் வைத்து மணலிலேயே கூடாரம் போட்டுக்கொள்வார்கள். விடியற்காலையில் கடலோரத்தில் கன்னியம்மனுக்குப் படையல். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, கல்யாணம், பழைய சண்டைகளைப் பேசித் தீர்ப்பது எல்லாம் அந்த இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு அது வருடத்தின் பெரிய நாள்.

அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவில், ஒரு நாளும் வராமல் இருக்காத பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் பரிசு. அவள் அந்த இரண்டு நாளைத் தவிர வருடம் முழுக்க வந்தவள். ஐப்பசி மழையில் முழங்கால் வரை சேற்றோடு வந்து, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தவள். பரிசுப் பட்டியலை எழுதியது நான். விதி விதிதான் என்று அவள் பெயரை விட்டுவிட்டேன். அதே வருடம் வைகுண்ட ஏகாதசிக்கும் வரலட்சுமி விரதத்துக்கும் நான் விடுப்பு எடுத்திருந்தேன். அது என் பணிப் பதிவேட்டில் எந்தக் குறையாகவும் ஏறவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் இந்தக் கணக்கு மட்டும் என்னை விடவில்லை.

தமிழக அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். அதோடு வரையறுக்கப்பட்ட விடுப்பு என்று 3 நாள் தனியாக உண்டு. ஆசிரியர் அறையில் அதை ஆர்.எல். என்போம், பழைய ஆட்கள் மத விடுப்பு என்பார்கள். அரசு ஒரு நீண்ட பட்டியல் கொடுக்கும்: வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம், மாசி மகம், சாம்பல் புதன், பெரிய வியாழன், ஆடிப்பெருக்கு, வரலட்சுமி விரதம், கல்லறைத் திருநாள், கார்த்திகை தீபம் என்று எல்லா மதத்துக்கும் அதில் இடம் இருக்கும். அதில் நமக்கு வேண்டிய 3 நாளை நாமே தேர்ந்துகொள்ளலாம். யாரிடமும் காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம். மாசி மகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அன்றைக்கு மகத்துக்குப் போக எனக்கு உரிமை இருந்தது. என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இல்லை.

பள்ளி நாட்காட்டியில் மத விடுமுறைகள் இருக்கலாமா, கூடாதா என்று கேட்டால், நம்மூரில் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். மதச்சார்பற்ற அரசின் பள்ளிக்கு எதற்கு எந்த மதத்து விடுமுறையும் என்பது ஒன்று. எங்கள் பண்டிகையையும் சேர்க்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மரியாதையோடு கேட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் பெரியவர்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு.

முதலில் இந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழக அரசு 2025-க்கு அறிவித்த பொது விடுமுறை 24 நாள். அதில் ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்புக்கானது, பள்ளிக்குச் சம்பந்தமில்லை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, புத்தாண்டுகள், பொங்கலை ஒட்டிய 3 நாள் போக, மதத்தைச் சேர்ந்தவை 13. இந்துப் பண்டிகைகள், ரம்ஜான், பக்ரீத், மொகரம், மிலாடி நபி, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், மகாவீர் ஜெயந்தி என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பட்டியல் கல்வெட்டு மாதிரி மாறாமல் இருப்பதும் இல்லை. தைப்பூசம் 2021-இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் வரையறுக்கப்பட்ட விடுப்பில் இருந்தது. 2017 ஜனவரியில் மத்திய அரசு ஊழியருக்குப் பொங்கல் கட்டாய விடுமுறை இல்லை என்ற செய்தி வந்து தமிழ்நாடே கொதித்ததும், பிறகு அதைக் கட்டாய விடுமுறையாக்கியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2024-இல் மிலாடி நபிக்கு செப்டம்பர் 16 என்று நாட்காட்டியில் அச்சடித்திருந்தது. பிறை தெரிந்த கணக்கின்படி விடுமுறை 17-க்கு மாறியது. இப்படிக் கேட்பவர்களுக்குப் பலம் இருந்தால் பட்டியல் நகர்ந்து கொடுக்கும். இருளர் பிள்ளைகளுக்காக அதை நகர்த்தச் சொல்லிக் கேட்க யாரும் இல்லை. பொது விடுமுறை கேட்பது அடிப்படை உரிமை ஆகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் யாருடைய நாள் பட்டியலில் ஏறுகிறது என்பது செல்வாக்கைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

மாநிலப் பட்டியலுக்குக் கீழே மாவட்ட ஆட்சியரின் உள்ளூர் விடுமுறை இருக்கிறது. எங்கள் கடலூர் மாவட்டத்துக்கு அது என்றால் முதலில் சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஆருத்ரா தரிசனம்தான். செய்திக் குறிப்பின் வாசகம் எனக்கு மனப்பாடம். செலாவணி முறிச் சட்டம் 1881-இன்படி இது அறிவிக்கப்படவில்லை, ஆகையால் அவசர அலுவல்களுக்காகக் கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு செயல்படும் என்று அதில் ஒரு வரி வரும். விடுமுறைக்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்று இன்னொரு வரி. சாதாரண ஜனங்கள் முதல் வரியைக் கவனிக்கவே மாட்டார்கள். ஆசிரியர்கள் சனிக்கிழமை வரியைத்தான் முதலில் தேடுவார்கள்.

ஆருத்ராவுக்குரிய திருவாதிரை நட்சத்திரம் நம் கல்வியாண்டைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. 2023-இல் ஆருத்ரா டிசம்பர் 27, அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குள் விழுந்தது. அடுத்தது 2025 ஜனவரி 13, போகியன்று திங்கட்கிழமை. நடுவில் 2024 என்ற ஆங்கில வருடத்தில் ஆருத்ராவே இல்லை. அதற்கடுத்தது 2026 ஜனவரி 3, சனிக்கிழமை. தொடர்ந்து மூன்று ஆருத்ராவில், பிள்ளைகளின் பாடத்தில் கைவைத்தது ஒன்றே ஒன்று. மத விடுமுறையால் படிப்புக் கெடுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பஞ்சாங்கத்தையும் பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு அலுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் படிப்பைக் கெடுப்பது சாமியைவிட வானம்தான். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 கார்த்திகை வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல். மழை லீவு ஒவ்வொன்றுக்கும் ஈடுகட்டச் சனிக்கிழமைகள் போய்க்கொண்டே இருக்கும்.

என் பதிவேடு சொன்ன இன்னொரு விஷயம். ஆருத்ராவுக்கு முந்தின நாள் தேரோட்டம். விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் என 5 தேர் நான்கு வீதியும் சுற்றும். மூலவரான நடராஜரே தேருக்கு எழுந்தருளுவதால் ஊரே வீதிக்கு வந்துவிடும். மேலவீதிக் கோடியில் தேர்கள் நின்றுவிடும். பர்வதராஜகுல மீனவர்கள் அம்மனைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துச் சீர் கொண்டுவந்து படைத்த பிறகுதான் நகரும். எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளி காலியாகிற நாள் தேர் நாள். விடுமுறை ஆணையோ மறுநாள் தரிசனத்துக்கு வரும். தேருக்குப் போனவர்கள் காய்ச்சல் கடிதத்தோடு வருவார்கள். மேசையில் உட்கார்ந்து போடுகிற விடுமுறைக்கும் பிள்ளைகளின் கால் போகிற திசைக்கும் ஒரு நாள் வித்தியாசம்.

சிதம்பரத்துக்காரியாக இதைச் சொல்லும்போது நந்தனாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெரிய புராணத்தில் கொள்ளிடக்கரை ஆதனூர்த் திருநாளைப்போவார், தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, நாளை போவேன், நாளை போவேன் என்று இருந்தவர். 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அவர் கதையைச் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடியபோது ஒரு பண்ணை முதலாளியை உள்ளே கொண்டுவந்தார். நந்தன் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வயல் வேலை கிடக்கிறதே, முடித்துவிட்டுப் போ என்கிறார் முதலாளி. சின்ன வயதில் இதைக் காலட்சேபத்தில் கேட்டபோது பக்திக் கதையாகத்தான் கேட்டேன். தலைமையாசிரியை ஆன பிறகு கேட்டபோது வேறு மாதிரி கேட்டது. ஒரு திருவிழாவுக்காக லீவு கேட்கிறவன், கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர். மேசைக்கு எந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாப் பண்டிகைக்கும் பள்ளியை மூடிவிடச் சொல்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பள்ளியை மூடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜை, விஜயதசமி, சனி, ஞாயிறு சேர்ந்து நான்கு நாள் லீவு வந்த ஒரு வருடம். கடைசி மணி அடிக்கப் போகிற நேரம். எல்லோரும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "டீச்சர், நாளைக்குச் சாப்பாடு போடுவாங்களா?" என்றான். லீவுடா கண்ணு என்றேன். "நாளன்னைக்கு?" அதற்கும் அதே பதில். "அதுக்கு அடுத்த நாளு?" அவன் விரலை மடக்கி மடக்கிக் கேட்டான். அவன் அப்பாவும் அம்மாவும் வாய்க்காலில் இறங்கி இறால், நண்டு தடவிப் பிடிக்கிறவர்கள். வலையும் படகும் கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் கையால் துழாவிப் பிடித்து, பல்லில் கடித்துக்கொண்டிருக்கும் பறியில் போட்டுக்கொள்வார்கள். கடல் தண்ணீரின் ஏத்தம் வத்தம் பார்த்துத்தான் அவர்களுக்கு வேலை. மழையும் வெள்ளமும் கூடிவிட்டால் அன்றைக்கு உலை வைப்பது சந்தேகம். 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்த மதிய உணவும், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவும் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன என்பதை லீவு நாளில்தான் அளந்து பார்க்க முடியும். நம் வீட்டில் சுண்டலும் பொரியும் இருக்கிற அதே நாளில் அவன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பான்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள் வேண்டும் என்கிறது, ஆறு முதல் எட்டு வரை 220. லீவு விட்டதைச் சனிக்கிழமையில் ஈடுகட்டு என்று சொல்வது தாளில் சரியாக இருக்கும். சனிக்கிழமை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கூட வருவதில்லை. வருகிற பாதி யார் என்று பார்த்தால், சாப்பாட்டுக்காக வருகிறவர்கள். ஆகவே ஒரு மதத்துக்கு ஒரு நாள் சேர்த்தால் இன்னொரு மதத்துக்கும் ஒரு நாள் சேர்ப்போம் என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உள்ளூர்த் திருவிழா விடுமுறையில் மனதை அறுக்கிற ஒன்று உண்டு. ஒரு ஊரில் நான் வேலை பார்த்தபோது அம்மன் கோயில் தேருக்குப் பள்ளிக்கு லீவு விட்டோம். ஊரே கேட்டது, விட்டோம். மறுநாள் தேரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்ட பிறகுதான் உறைத்தது: தேர் அவர்கள் தெருவுக்கு வராது, வடம் பிடிக்க அவர்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். அந்த விடுமுறை அவர்களுக்கு வீட்டில் சும்மா கிடந்த ஒரு நாள், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஊர்த் திருவிழா என்று சொல்லி ஒரு பள்ளியை மூடுவதற்கு முன், ஊர் என்பதில் வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளையும் அடக்கமா என்று பார்க்க வேண்டும்.

கிள்ளை மாசி மகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒன்றும் தெரியும். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு அடுத்த முழுக்குத்துறைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். வராக மூர்த்தி, பன்றி முகம் கொண்ட பெருமாள். அவரை வழியில் தைக்கால் தர்காவில் முஸ்லிம்கள் மேளதாளத்தோடு வரவேற்பார்கள். பட்டும் பழத்தட்டும் சுவாமிக்குப் போகும், கோயில் மாலையும் சர்க்கரையும் தர்காவுக்கு வரும். அங்கே பாத்தியா ஓதி அந்தச் சர்க்கரையை எல்லோர் கையிலும் போடுவார்கள். என் வகுப்பில் பரங்கிப்பேட்டையிலிருந்து குடிவந்த ஒரு முஸ்லிம் பிள்ளை, மாசி மகத்துக்கு லீவு உண்டா டீச்சர் என்று மற்ற எல்லோரையும்விட முன்னால் கேட்பான். சர்க்கரைக்காக. அந்த நாளை எந்த மதத்துக் கணக்கில் எழுதுவது? மாநிலப் பொது விடுமுறைப் பட்டியலில் மாசி மகத்துக்கு இடமில்லை. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும், தேர்வு நெருங்குகிற சமயம் வேறு.

இந்தச் சிக்கலை மற்ற ஊர்கள் எப்படிச் சமாளித்தன என்று தேடிப் படித்திருக்கிறேன். பக்கத்திலிருக்கும் இலங்கை செய்துபார்த்தது மாதிரி வேறெங்கும் நான் படித்ததில்லை. 1966-இல் அங்கே ஞாயிறு வார விடுமுறையையே எடுத்துவிட்டு, நிலவின் நாலு கட்டத்தையும் பார்த்து வருகிற போயா நாட்களை வார விடுமுறையாக்கினார்கள். பௌத்தர்களின் நெடுநாள் ஆசை அது. ஆனால் நிலவு ஏழு நாளுக்கு ஒரு தரம் என்று கணக்காக வராதே, சில வாரம் ஒரு நாள் நீளும். உலகமெல்லாம் ஞாயிறு மூடியிருக்க, இவர்கள் அன்றைக்கு வேலை பார்த்தார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசை நேரம் பள்ளி நேரமாகிவிட்டது. 1971-இல் ஞாயிறு திரும்பி வந்தது, மாதம் ஒரு பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. ஏத்தம் வத்தம் பார்த்து வாழ்கிற ஊர்களில் வேலை பார்த்த எனக்கு நிலவுக் கணக்கு ஒன்றும் விநோதம் இல்லை. ஒரு சாராரின் கணக்கை எல்லோர் வாரத்தின்மேலும் ஏற்றியதுதான் அங்கே தாங்கவில்லை. லட்சத்தீவில் 2021 டிசம்பரில் இதற்கு மறுதலையாக நடந்தது. முஸ்லிம்களே பெரும்பாலும் வாழ்கிற தீவுகளில் பல காலமாக இருந்த வெள்ளிக்கிழமைப் பள்ளி விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றினார்கள். அங்கும் ஊர் ஜனங்களைக் கேட்கவில்லை என்றுதான் வருத்தம்.

நியூயார்க் நகரப் பள்ளிகள் 2015-இல் இரண்டு ஈத் பெருநாட்களைச் சேர்த்தன. தீபாவளிக்குச் சட்டம் 2023 நவம்பரில் கையெழுத்தாகி, 2024 நவம்பர் 1-இல் முதல் தடவையாகப் பள்ளிகள் மூடின. நம் பிள்ளைகள் அங்கே மத்தாப்புக் கொளுத்திய படங்களைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஆனால் அதுவும் எண்ணிக்கை பெருகிய பிறகு, கேட்டுக் கேட்டு வந்ததுதான்.

நான் எதிர்பார்த்த பதில் இங்கிலாந்தில் இருந்தது. அங்கே 1996-ஆம் வருடக் கல்விச் சட்டத்திலேயே, பெற்றோர் சார்ந்த சமயம் வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நாளில் பிள்ளை வராமல் இருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அதற்குத் தனி எழுத்து ஒன்று உண்டு: 'ஆர்'. காய்ச்சலுக்கு வேறு எழுத்து. இதைப் படித்தபோது என் பழைய பதிவேடுகள் எல்லாம் கண்முன்னால் வந்தன. நம்மிடம் வந்தான், வரவில்லை என்று இரண்டே குறிதான். இப்போது கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்றும்போதும் ஆப்சென்ட் என்றுதான் விழுகிறது. ஒரே ஓர் எழுத்து சேர்ந்தால், பிள்ளை பொய் எழுத வேண்டியதில்லை, பள்ளியை மூட வேண்டியதில்லை, சாப்பாடும் நிற்காது.

நான் கேட்பது இதுதான். மாநிலப் பொது விடுமுறைகள் இருக்கிறபடி இருக்கட்டும். ஊர் முழுக்கப் போகிற ஆருத்ரா மாதிரி நாளுக்கு உள்ளூர் விடுமுறை இருக்கட்டும், ஆனால் எந்த நாள் என்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும். அதற்கு மேல், ஆசிரியருக்கு இருக்கிற அந்த 3 நாளை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். எந்த நாள் என்று வீடு முடிவு செய்யட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை தேர் நாளை எடுக்கும், இருளர் பிள்ளை மாசி மகத்தை எடுக்கும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற வீட்டுப் பிள்ளை செப்டம்பர் 8-ஐ எடுக்கும், ரம்ஜானுக்கு மறுநாள் பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளை அதை எடுக்கும். சாமி கும்பிடாத வீட்டுப் பிள்ளை தாத்தாவின் நினைவு நாளை எடுத்துக்கொள்ளட்டும், அதையும் ஏன் என்று கேட்கக் கூடாது. பள்ளி திறந்திருக்கும், சோறு வேகும். அன்று நடந்த பாடத்தை மறுநாள் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. மாதத் தேர்வு என்றால் வேறு நாள் எழுதட்டும்.

சங்கடங்கள் இல்லாமல் இல்லை. ஆளுக்கொரு நாள் வராவிட்டால் பாடம் எப்படி ஓடும் என்று கூட்டம் ஒன்றில் ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டார். இப்போது மட்டும் அவர்கள் வருகிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர்கள் போகத்தான் போகிறார்கள், போனதைச் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள். மத நாள் என்று எழுதினால் பிள்ளையின் மதமும் சாதியும் பதிவேட்டில் ஏறிவிடுமே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால்தான் 'குடும்ப நாள்' என்று பொதுவாக ஒரு பெயர் வைத்தால் போதும் என்கிறேன். என்ன விசேஷம் என்பது பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லும், பாருங்கள். பொய் சொல்ல வேண்டாம் என்று தெரிந்த பிள்ளை விடிய விடியச் சொல்லும்.

சில வருடங்களுக்கு முன் மாசி மகத்தன்று முழுக்குத்துறை சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஐஸ் வண்டி, பலூன், முறுக்கு விற்கிறவர்கள், தூரத்தில் நாதஸ்வரம். "டீச்சர், என்னத் தெரியுதா?" என்று ஒரு பெண் வழிமறித்தாள். முகம் பிடிபடவில்லை. சோழி மாலை என்றதும் தெரிந்துவிட்டது. அந்த வருடம் மாமல்லபுரம் போக முடியவில்லையாம், பஸ்ஸுக்குக் கைவசம் காசு இல்லை, இங்கேயே கடலில் முங்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். பக்கத்தில் தலை ஈரத்தோடு மகள், ஐந்தாம் வகுப்பு.

டிபன் பாக்ஸைப் பற்றி நானே எடுத்தேன். "ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

"இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று மகளைக் கேட்டேன். உண்டு என்று தலையாட்டினாள். நாளைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும், எழுதவில்லை என்றாள். பைக்குள்ளே அவள் நோட்டு இருந்தது. முறுக்குக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தாளைக் கிழித்து நானே எழுதினேன். நேற்று மாசி மகம், அம்மாவோடு கிள்ளைக் கடற்கரைக்குச் சாமி கும்பிடப் போயிருந்தேன், அதனால் பள்ளிக்கு வரவில்லை.

அம்மா அதை வாங்கி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தரம் படித்தாள். அவள் கடிதம் எழுதிய நாட்களில் கைநாட்டு வைத்த ஆயா இப்போது இல்லை. அவளே கையெழுத்துப் போட்டாள். அப்புறம் மகளின் நோட்டிலிருந்து இன்னொரு வெறும் தாளையும் கிழித்து அதோடு சேர்த்து மடித்துக் கொடுத்தாள்.

"மொதல்ல டீச்சர் எழுதினதக் குடு. சார் ஏதாச்சும் கேட்டாருன்னா இதுல காய்ச்சல்னு எழுதிக்க."